எம்.ஜி.பி காரின் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஜி.பி வைத்திருப்பவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு விஷயம். ஸ்டியரிங் ஏன் இப்படிக் கனக்கிறது? உட்கார்ந்தால் தொடை ஏன் ஸ்டியரிங் வீலில் உரசுகிறது? இங்கிலாந்தில் பதினான்கு வருடமாக 1966-ஆம் வருட ரோட்ஸ்டர் ஒன்றை ஓட்டுகிறேன். அதைக் கழற்றியும் மாட்டியும் தெரிந்துகொண்டதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

எம்.ஜி.பி என்பது எந்தக் கார்? எல்லா வருட வண்டியும் ஒன்றுதானா?

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் ஊரில் இருந்த எம்.ஜி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 அக்டோபர் வரை செய்த ஸ்போர்ட்ஸ் கார் இது. 1798 சி.சி எஞ்சின், பின் சக்கரங்களுக்கு விசை. மேற்கூரையை மடக்கக்கூடியது ரோட்ஸ்டர். 1965-இல் வந்த நிலையான கூரை வண்டி ஜி.டி. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார் மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டியரிங் விஷயத்தில் பதினெட்டு வருடத்தில் நிறைய மாறிவிட்டது. ஆரம்ப வண்டிகளில் 16.5 அங்குலப் பெரிய வீல், வீலிலிருந்து கீழே போகும் தண்டு வளையாத ஒரே துண்டு. அப்புறம் மோதலில் மடங்கிக் கொடுக்கும் தண்டு வந்தது. 1974 செப்டம்பரில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியை 38 மி.மீ உயர்த்தினார்கள். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும் அதோடு மாறியது. 1977 மாடலில் வீலைச் சிறிதாக்கி, வீலின் சுற்றை முன் சக்கரங்களுக்கு இட வல அசைவாகக் கொண்டுபோகும் பல்தண்டான ரேக்கின் பல் விகிதத்தையும் மாற்றினார்கள். அதற்கு முன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பிறகு மூன்றரைச் சுற்று. எனவே எந்தப் பாகம் வாங்கினாலும் சேஸிஸ் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். வருடத்தை மட்டும் சொன்னால் தவறான பாகம் வந்து சேரும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய கார்தானே, கனமாகத்தானே இருக்கும்?

நிற்கும்போது திருப்பினால் கனம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் வண்டி மெல்ல உருளத் தொடங்கியதும் ஸ்டியரிங் கைக்கு இளகிவிட வேண்டும். மணிக்கு 30 மைலில் ஒரு வளைவில் இறங்கும்போது இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தால் வண்டியில் ஏதோ கோளாறு. ஆபிங்டனில் இருந்து அது அப்படி வரவில்லை.

இதைத்தான் நான் முதலில் எல்லோரிடமும் சொல்கிறேன். பலர் ஸ்டியரிங் கனக்கிறது என்று நேராக மின்சார பவர் ஸ்டியரிங் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு முளைதான் கிங்பின். கிரீஸ் காய்ந்துபோன கிங்பின்னை மோட்டார் வைத்துத் திருப்பினால் கை வலிக்காது, அவ்வளவுதான். கிங்பின் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். பழுதைச் சரி செய்யுங்கள், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பிறகு மாற்றத்தைப் பற்றி யோசியுங்கள்.

கனம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சனிக்கிழமைக் காலை போதும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். இரண்டு முன் சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். ஸ்டியரிங் வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். டயரின் உராய்வு இல்லாததால் இப்போது லேசாக, ஒரே சீராகத் திரும்ப வேண்டும்.

சீராக இல்லையா? ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிதான் டை ராடு. இரண்டு பக்கமும் அதன் முனையைச் சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மிலிருந்து பிரித்துவிடுங்கள். இப்போது வீலைத் திருப்பினால் அசைவது ரேக்கும் தண்டும் மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகினால் தண்டையும் ரேக்கையும் இணைக்கும் கிராஸ் ஜாயின்ட்டைப் பாருங்கள். அது தேய்ந்திருக்கும், அல்லது தண்டும் ரேக்கும் நேர்கோட்டில் இருக்காது. சுற்று முழுவதும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் ரேக்கில் சிக்கல். இரண்டுமே இல்லாமல் லேசாகத் திரும்பினால், சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அங்கே இறுகினால் கிங்பின்.

என் வண்டியில் குற்றவாளி இடது கிங்பின். எம்.ஜி.பியின் முன்பக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள் உண்டு. என்னுடையதில் கீழ் நிப்பிள் அடைத்துக்கொண்டு கல் மாதிரி இருந்தது. அதைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, புது நிப்பிள் போட்டு கிரீஸ் கன்னை அழுத்தினேன். முதலில் ஒன்றுமே நகரவில்லை. பிறகு இடுக்கு வழியாகக் கறுப்பாய், கட்டி கட்டியாய் பழைய கிரீஸ் வெளியே வந்தது. அது தீர்ந்து தேன் நிறத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் ஓட்டியபோது வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒன்று முக்கியம். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் காற்றில் தொங்கவேண்டும். வண்டியின் எடை இறங்கியிருந்தால் பாரத்தைத் தாங்கும் வாஷரின் முகத்துக்கு கிரீஸ் போய்ச் சேராது. 3,000 மைலுக்கு ஒரு தடவை அடியுங்கள். வண்டி அவ்வளவு ஓடாவிட்டால் வருடத்துக்கு ஒரு தடவை.

ரேக்கிலும் கிரீஸ் அடிக்கலாமா?

கூடாது. இந்த ரேக்குக்கு வேண்டியது இ.பி 90 கியர் ஆயில். என் வண்டியை எனக்கு முன் பார்த்த ஒரு கராஜில் ரேக்கின் இரு முனையிலும் கெட்டி கிரீஸை அடைத்து வைத்திருந்தார்கள். ஜனவரிக் குளிரில் அது மெழுகாக உறைந்து, முதல் இரண்டு மைல் ஸ்டியரிங் அசையவே யோசிக்கும். முழுவதும் கழுவி எடுக்க எனக்கு ஒரு வார விடுமுறை போனது. ரேக்கின் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் ஆயில் ஒழுகிவிடும், மண்ணும் உள்ளே போகும். கிழிந்த பூட்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

டயருக்கும் கனத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. இந்தக் காரோடு வந்தது ஒல்லியான டயர்: முதலில் 5.60-14 அளவில் கிராஸ் பிளை என்ற பழைய வகை, பிறகு 155 அல்லது 165 மி.மீ அகல ரேடியல். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று 185 போடுகிறவர்கள் அதிகம். பார்க்கிங்கில் அதன் விலையைத் தோள் கொடுக்கும். 165-க்குத் திரும்புங்கள். மழைச் சாலையிலும் இந்த எடைக்கு அது போதும்.

காற்றும் பாருங்கள். அக்காலக் கையேட்டில் முன் டயருக்கு 21 பி.எஸ்.ஐ என்று இருக்கும். இப்போதைய டயரில் 25, 26 வைத்தால் ஸ்டியரிங் தெளிவாக இளகும். காசே இல்லாத முதல் மாற்றம் இதுதான்.

சின்ன ஸ்டியரிங் வீல் போட்டால் என்ன ஆகும்?

கை கனக்கும், தொடை பிழைக்கும். கணக்கு எளிது. வீலின் விட்டம் குறையக் குறைய நெம்புகோல் குட்டையாகிறது. 16.5 அங்குலத்திலிருந்து 15-க்கு வந்தால் 10 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். 14-க்கு வந்தால் 18 சதவீதம். 13-க்கு வந்தால் 27 சதவீதம்.

மறுபக்கம், 14 அங்குல வீலில் கீழ் விளிம்பு ஒன்றேகால் அங்குலம் மேலே ஏறுகிறது. உயரமானவர்களுக்கு அந்த ஒன்றேகால் அங்குலம் பெரிய விஷயம். பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குக் காலை மாற்றும்போது முழங்கால் இடிக்காது.

என் தேர்வு 15. தொடைக்கு முக்கால் அங்குலம் கிடைக்கிறது, தோளுக்கும் தாங்குகிறது. 13 அங்குலத்தைப் பந்தயத்துக்கு விட்டுவிடலாம். வாங்குவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். எம்.ஜி.பியில் வேகமானியும் எஞ்சின் சுற்றுமானியும் வீலின் வழியாகத்தான் தெரியும். சின்ன வீலின் மேல் விளிம்பு சரியாக 60, 70 மைல் எண்களை மறைத்துவிடலாம். அட்டையில் ஒரு வளையம் வெட்டி, டேப் வைத்து ஒட்டி, உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தட்டையான வீலா, குழிந்த வீலா?

இது உங்கள் கை நீளத்தைப் பொறுத்தது. குழிந்த வீலில் விளிம்பு உங்களை நோக்கி வெளியே வரும். தட்டையானதில் டேஷ்போர்டு பக்கம் தள்ளிப் போகும். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி ஓட்டுகிற நீளக் கால்காரருக்குக் குழிந்தது நல்லது, கை எட்டும். பெடலுக்காக முன்னால் நகர்ந்து உட்காருகிறவருக்குத் தட்டையானது. இல்லாவிட்டால் மார்போடு வீல் ஒட்டிவிடும்.

மோட்டோ-லீட்டா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மரவிளிம்பு வீல்கள் இந்த வண்டிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் எந்த வீல் வாங்கினாலும் அதையும் தண்டையும் இணைக்கும் பாஸ் உங்கள் வருடத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். தண்டின் பல்வரிசை, ஹாரன் தொடர்பு, இண்டிகேட்டரைத் திரும்ப அணைக்கும் கேம் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. பாஸ் ஆழம் கூடினால் இண்டிகேட்டர் தண்டுக்கு விரல் எட்டாமலும் போகலாம்.

பழைய வீலைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் வீலிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மரை பிடித்திருக்கட்டும். அதற்குப் பிறகுதான் வீலை இழுக்க வேண்டும். அது வராது வராது என்று அடம்பிடித்து, திடீரென்று விடுபடும். நட்டு இல்லையென்றால் நேராக மூக்கில் வந்து அறையும்.

மடங்கும் தண்டு இருக்கும் வண்டியில் சுத்தியலைத் தொடவே தொடாதீர்கள். அந்தத் தண்டின் இரண்டு பகுதியையும் பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. விபத்தில் உடைவதற்கென்றே வைத்தவை அவை. ஓங்கி அடித்தால் உங்கள் ஷெட்டிலேயே உடைந்துவிடும்.

ஆரம்ப வண்டியின் வளையாத தண்டை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் இல்லை. என் வண்டியில் இன்னும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஆபத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். முன்பக்கம் பலமாக மோதினால் ஒரே துண்டான தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கித் தள்ளப்படலாம். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1968 மாடலிலிருந்தே மடங்கும் தண்டு வந்ததற்கு அதுதான் காரணம். அதே நேரத்தில் அங்கே டேஷ்போர்டையும் தடித்த பஞ்சுத் திண்டாக்கினார்கள். ஆபிங்டன் தலையணை என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

மாற்றுவதென்றால் தண்டு மட்டும் போதாது. சுவிட்சுகள், வயரிங், வீல் எல்லாம் பின்னாலேயே வரும்.

தண்டையோ ரேக்கையோ கழற்றி மாட்டினால் என்ன கவனிக்க வேண்டும்?

ரேக்கை கிராஸ்மெம்பரில் மாட்டும் இடத்தில் மெல்லிய தகடுகள், ஷிம் என்பார்கள், இருக்கலாம். அவை சும்மா வைத்தவை அல்ல. தண்டின் மையக்கோடும் ரேக்கைத் தள்ளும் சிறு பல்சக்கரமான பினியனின் மையக்கோடும் கிராஸ் ஜாயின்ட்டுக்கு நடுவில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும், அதற்காகத்தான் அவை. எந்தப் பக்கம் எத்தனை ஷிம் என்று எழுதி வையுங்கள். ரேக்கை மாற்றினால் பழைய கணக்கு செல்லாது, திரும்ப அளக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் போல்ட்டை முறுக்கிவிடுவதால்தான் நன்றாக இருந்த ஸ்டியரிங் ரிப்பேருக்குப் பிறகு கனத்துப் போகிறது. புது கிராஸ் ஜாயின்ட்டும் ஒரே வருடத்தில் தேய்கிறது. எம்.ஜி.பி ஸ்டியரிங் வேலையில் அதிகம் தவறவிடப்படும் இடம் இது என்பது என் கருத்து.

காஸ்டர் கோணத்தைக் குறைக்கலாம் என்கிறார்களே, அது என்ன?

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். செங்குத்தாக இல்லாமல், மேல் பக்கம் ஓட்டுகிறவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக நிற்கப் பார்க்கிறது. காரில் கிங்பின்னின் இதே சாய்வைக் காஸ்டர் என்கிறோம். எம்.ஜி.பியில் அது 7 டிகிரி.

கிராஸ் பிளை டயர் காலத்துக்கு வைத்த சாய்வு அது. ரேடியல் டயர் தானே நேராக வரும் குணத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. எனவே 7 டிகிரியும் ரேடியலும் சேர்ந்தால் தேவைக்கு மேல் கனம். கிராஸ்மெம்பருக்கும் உடலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து, சாய்வை 4, 5 டிகிரிக்குக் குறைக்கலாம். வெட்டு, வெல்டிங் எதுவும் இல்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். செலவும் கம்மி.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. ஆனால் கிராஸ்மெம்பர் சாயும்போது அதில் இருக்கும் ரேக்கும் சாயும். மேலே சொன்ன ஷிம் கணக்கைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். முன் சக்கரங்கள் உள்நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருக்கும் அளவான டோ-இன்னைச் சரி செய்யும்போது இரண்டு டை ராடையும் சம அளவு திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் நேர்ச் சாலையில் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும்.

மின்சார பவர் ஸ்டியரிங் போடலாமா?

தோள் வலி, மூட்டு வாதம், வயது என்று காரணம் இருந்தால் தாராளமாகப் போடலாம். அதனால் ஒருவர் தன் காரை விற்காமல் இன்னும் பத்து வருடம் ஓட்டினால் அதைவிட நல்லது என்ன? அசல் கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

வேலை செய்யும் விதம் இது: டேஷ்போர்டுக்கு அடியில் தண்டின் நடுவே ஒரு மோட்டாரும், நீங்கள் எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்று அளக்கும் உணரியும் உட்காரும். நீங்கள் திருப்பும் திசையிலேயே மோட்டாரும் தள்ளும். வீலுக்கும் ரேக்குக்கும் நடுவே தண்டின் நேரடி இணைப்பு அப்படியே இருப்பதால் மின்சாரம் போனாலும் ஸ்டியரிங் போகாது. பழைய கனம் திரும்பி வரும். இந்த வண்டிக்கென்றே செய்த செட்டுகள் விற்கின்றன. சிலர் ஸ்கிராப் யார்டில் வாக்ஸ்ஹால் கோர்சாவின் மின்சாரத் தண்டை எடுத்துத் தாங்களே பொருத்துகிறார்கள். அந்த வழியில் தண்டை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். ஸ்டியரிங் தண்டு வெல்டிங், கற்றுக்கொள்வதற்கான இடம் அல்ல. கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பலர் மறப்பது மின்சாரக் கணக்கு. நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் ஒரு நொடி நேரம் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என் வண்டி மாதிரி 1967-க்கு முந்தைய வண்டியில் இருப்பது 22 ஆம்பியர் லூகாஸ் டைனமோ. அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி. இதில் பவர் ஸ்டியரிங் ஓடாது. முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, ஆல்டர்னேட்டர் போட்டு, நல்ல பேட்டரி வைக்க வேண்டும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கேபிள், அதில் தனி ஃபியூஸ். செட்டின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

உதவியின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு குமிழ் இருக்கும். குறைவாகவே வையுங்கள். சாலையின் சொரசொரப்பு கைக்குத் தெரிவதுதான் இந்த வண்டியின் சுகம். அதிகம் வைத்தால் அது போய்விடும்.

எனக்கு ஆறடிக்கு மேல் உயரம். எம்.ஜி.பியில் உட்கார முடியுமா?

முடியும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் கால் நீட்ட இதில் கிடைக்கும் இடம் நிறைய. சிக்கல் தலைக்கும் தொடைக்கும்தான். இரண்டுக்கும் மருந்து சீட்டில் இருக்கிறது.

சீட்டின் மெத்தைக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பைக் கொக்கிகள் இழுத்துப் பிடித்திருக்கும். அது கிழிந்தால் நீங்கள் குழியில் உட்கார்ந்திருப்பீர்கள். மாற்றினால் சட்டென்று உயர்ந்துவிடுவீர்கள். புது ஃபோம் போட்டவுடன் தலை கூரைத் துணியில் இடிக்கிறது என்று பயந்துபோய்க் கேட்கிறார்கள். சில மாதத்தில் அமுங்கும். அதற்கு முன் எதையும் வெட்டாதீர்கள்.

அமுங்கியும் போதவில்லையென்றால் சீட் ஓடும் தண்டவாளங்களுக்கு அடியில் பாருங்கள். அங்கே மரப்பட்டைகள் இருக்கும். அவற்றை எடுத்தாலே அரை அங்குலம் போல இறங்கும். பின்பக்கத்தை மட்டும் இறக்கி, முன்பக்கம் அப்படியே விட்டால் சீட் கொஞ்சம் பின்னால் சாயும். தொடைக்குத் தாங்கல் கிடைக்கும், தலையும் இறங்கும். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன். மூன்று மணி நேரம் ஓட்டினாலும் இடுப்பு பிடிப்பதில்லை. போல்ட் நீளத்தைச் சரிபார்த்து, சீட் முன்னும் பின்னும் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள்.

உயரம் குறைந்தவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம். தலையணை வைத்து உட்காருவதை மட்டும் தவிருங்கள். பிரேக் அடிக்கும்போது அது வழுக்கும்.

மாஸ்டா எம்.எக்ஸ்-5 சீட் பொருந்துமா?

பொருத்தலாம், நிறைய பேர் பொருத்தியிருக்கிறார்கள். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 சீட்டில் தலைக்கும் தாங்கல் உண்டு, ஆரம்ப எம்.ஜி.பி சீட்டில் அது கிடையாது. பின்னால் இடி வாங்கினால் கழுத்தைக் காப்பது அதுதான்.

அந்த சீட்டின் அடிக்கால்கள் எம்.ஜி.பி தரைக்கு ஒத்துவராது. அவற்றை வெட்டிவிட்டு, தட்டைப் பட்டையோ எம்.ஜி.பி தண்டவாளமோ வைத்து மாட்ட வேண்டும். கியர்பாக்ஸை மூடி நடுவில் ஓடும் டனலுக்கும் கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற சட்டத்துக்கும் நடுவே இடம் நெருக்கம். விரலுக்கு இடம் விட்டு அளந்து பாருங்கள். எம்.எக்ஸ்-5-இல் பெல்ட் கொக்கி சீட்டோடு சேர்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, எம்.ஜி.பியின் டனலில் இருக்கும் பழைய பிடிப்பிலேயே கொக்கியை மாட்டுங்கள். நீங்கள் வெல்டிங் செய்த பட்டை விபத்தில் உங்கள் எடையைத் தாங்கக் கூடாது. காரின் உடல் தாங்க வேண்டும்.

தரையையோ சீட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தையோ வெட்டி இன்னும் இறக்கலாமா?

வேண்டாம். இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, இரண்டு பக்க சில், டனல், சீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் காரைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரோட்ஸ்டரில் கூரையின் உதவியும் இல்லை. குறுக்குச் சட்டத்தை வெட்டிய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஜாக்கி வைத்தால் கதவு மூடாது.

கால் வைக்கும் இடத்தில் தாங்க முடியாத சூடு. என்ன செய்யலாம்?

முதலில் ஓட்டைகளைத் தேடுங்கள். எஞ்சின் பக்கத்துச் சுவரில் பெடல் பெட்டி, ஸ்டியரிங் தண்டு, வயர்கள் நுழையும் இடங்களில் இருந்த ரப்பர்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். ராத்திரியில் எஞ்சின் பக்கம் டார்ச் அடித்து, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் வரும் இடமெல்லாம் சூடு வரும் இடம். கியர் லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பரையும் மறக்காதீர்கள்.

பிறகுதான் வெப்பத் தடுப்பு விரிப்பு. தண்ணீர் உறிஞ்சாத வகையாக வாங்குங்கள். பழைய கம்பளி ஃபெல்ட் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தரையை அடியிலிருந்து தின்றுவிடும்.

கிளட்சுக்குப் பக்கத்தில் இடது காலை வைக்க ஒரு சாய்வுப் பலகை நீண்ட பயணத்தில் பெரிய உதவி. ஆரம்ப வண்டியில் ஹெட்லைட்டை மாற்றும் கால் சுவிட்ச் அங்கேதான் இருக்கும். அதை மறைத்துவிடாமல் வையுங்கள்.

சீட் பெல்ட், சட்டம், காப்பீடு பற்றி?

பிரிட்டனில் 1965 முதல் சாலைக்கு வந்த காரில் முன் சீட் பெல்ட் இருக்க வேண்டும். இருந்தால் போடுவது 1983 ஜனவரி 31 முதல் கட்டாயம். 1965-க்கு முந்தைய வண்டியாக இருந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், உடலில் பிடிப்பு இருக்கிறதா என்று பார்த்து.

40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மே 20 முதல் வருடாந்தர எம்.ஓ.டி சோதனை தேவையில்லை. ஆனால் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கின் வகையையே மாற்றுவது பெரிய மாற்றமாகக் கருதப்படலாம். பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களுக்கு விலக்கும் உண்டு. வேலை தொடங்கும் முன் அரசின் அப்போதைய விதியைப் படித்துவிடுங்கள். சலுகை இருந்தாலும் நான் வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். கிங்பின்னையும் டை ராடையும் இன்னொருவர் கம்பி வைத்து நெம்பிப் பார்ப்பது நல்லதுதானே.

காப்பீட்டு நிறுவனத்திடம் வீல் மாற்றியதைக்கூட எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் செய்வதென்றால் எதை முதலில் செய்வது?

கிரீஸ், ரப்பர் பூட், டயர், காற்று. பிறகு சீட். சீட் சரியான உயரத்துக்கு வந்த பிறகுதான் எவ்வளவு பெரிய வீல், எவ்வளவு குழிவு என்று தெரியும். வீலை முதலில் வாங்கியவர்கள் இரண்டாவது வீலும் வாங்குகிறார்கள். அதற்கும் பிறகு கனம் இருந்தால் காஸ்டர் ஆப்பு. பவர் ஸ்டியரிங் கடைசி.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். அசல் வீலின் விளிம்பு மெல்லிய பிளாஸ்டிக். கிடையாக அடுக்கி மேலே பாரம் வைத்தால் விரிசல் விடும். பழைய வேட்டியில் சுற்றி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். போல்ட், மரப்பட்டை, ஷிம் எல்லாம் தனித்தனிப் பையில். ஒவ்வொரு பைக்குள்ளும் எந்தப் பக்கம், எத்தனை, எந்த ஸ்பேனர் என்று எழுதிய துண்டுச் சீட்டு. என் கையெழுத்தில் இருக்கும் ஒரு சீட்டு இது: "சீட், வலது, பின் இரண்டு, 1/2 அங்குல ஸ்பேனர், மரம் அரை அங்குலம், துரு இல்லை."